நிணநீர்க் கணுக்களுக்குப் பரவிய இரைப்பைப் புற்றுநோய்: சிகிச்சைகளை எந்த வரிசையில் இணைப்பது?

இரைப்பைப் புற்றுநோய் நிணநீர்க் கணுக்களுக்குப் பரவியிருக்கிறது என்று தெரிந்ததும், வீட்டில் உள்ளவர்கள் முதலில் கேட்பது "ஆபரேஷன் எப்போது?" என்பதாகத்தான் இருக்கும். அறுவை மருத்துவர் தேதி குறித்துக் கொடுப்பார் என்று எதிர்பார்த்துப் போன இடத்தில், "முதலில் இரண்டு மாதம் கீமோ, அதன் பிறகுதான் அறுவை" என்று சொல்லும்போது, நோயை வயிற்றுக்குள் வைத்துக்கொண்டு காலம் கடத்துகிறார்களோ என்ற அச்சம் எழுவது இயல்பு. அதற்கு நேர்மாறாக, கீமோ, அறுவை, கதிர்வீச்சு, நோயெதிர்ப்பு மருந்து என எத்தனை உண்டோ அத்தனையையும் கொடுத்துவிட்டால் நல்லதுதானே என்று கேட்பவர்களும் உண்டு. இந்த நோயில் கடந்த 25 ஆண்டுகளில் நடந்த பெரிய ஆய்வுகளைப் பார்த்தால், எதைச் சேர்க்கிறோம் என்பதைப் போலவே எதைச் சேர்க்காமல் விடுகிறோம், எதை முன்னால் வைக்கிறோம் என்பதும் நோயாளியின் ஆயுளைத் தீர்மானித்திருப்பது தெரியும். மருத்துவக் குழுவோடு உட்கார்ந்து பேசும்போது அவர்கள் சொல்லும் திட்டத்தைப் புரிந்துகொள்ளவும், சரியான கேள்விகளைக் கேட்கவும் உதவும் அளவுக்கு அந்த வரிசையின் காரணங்களை இங்கே விளக்குகிறேன். மருந்தின் அளவையும் தேதியையும் முடிவு செய்ய வேண்டியவர் நோயாளியைப் பரிசோதித்த மருத்துவர்தான்.

எந்தக் கணு, எத்தனை கணு

"கணுக்களுக்குப் பரவியது" என்ற ஒரே தொடர் இரண்டு வேறு நிலைமைகளைக் குறிக்கக்கூடும் என்பதால், முதலில் அதைப் பிரித்துக் கேட்டுக்கொள்ள வேண்டும். இரைப்பையை ஒட்டியும், இரைப்பைக்கும் கல்லீரலுக்கும் மண்ணீரலுக்கும் இரத்தம் கொண்டுசெல்லும் தமனிகளை ஒட்டியும் இருக்கும் கணுக்கள் அண்மைக் கணுக்கள். நோய் இவற்றோடு நின்றிருந்தால், குணப்படுத்துவதே சிகிச்சையின் குறிக்கோளாக இருக்கும். பெருந்தமனியை ஒட்டி முதுகெலும்பின் முன்னால் இருக்கும் கணுக்களிலோ, இடது காறை எலும்புக்கு மேலே கழுத்தடியில் தடவினால் தட்டுப்படும் கணுவிலோ நோய் இருந்தால், அது தொலைப்பரவலாக, அதாவது நான்காம் நிலையாகக் கொள்ளப்படுகிறது. அப்போது திட்டமே வேறு.

அண்மைக் கணுக்களிலும் எண்ணிக்கை முக்கியம். 1 அல்லது 2 கணுக்களில் நோய் இருந்தால் என்1, 3 முதல் 6 வரை என்2, 7 முதல் 15 வரை என்3ஏ, 16 அல்லது அதற்கு மேல் இருந்தால் என்3பி என்று வகுத்திருக்கிறார்கள். இந்த எண்ணிக்கையை உறுதியாகச் சொல்ல முடிவது அறுவைக்குப் பிறகுதான். அதற்கு முன் சி.டி. ஸ்கேனும் எண்டோஸ்கோப்பி வழியாகச் செய்யும் அல்ட்ராசவுண்டும் காட்டுவது கணுவின் பருமனையும் வடிவத்தையும் மட்டுமே. பெரிதாகத் தெரியும் கணு வெறும் அழற்சியால் வீங்கியிருக்கலாம். சிறிதாகத் தெரியும் கணுவுக்குள் புற்றணுக்கள் இருக்கலாம். உடலில் செலுத்திய கதிரியக்கச் சர்க்கரையை எந்த அணுக்கள் உறிஞ்சுகின்றன என்று காட்டும் பெட் ஸ்கேன், தொலைவில் உள்ள கணுக்களைக் கண்டுபிடிக்க உதவும் என்றாலும், முத்திரை மோதிர வடிவ அணுக்களைக் கொண்ட பரவல் வகைப் புற்றில் சர்க்கரையை உறிஞ்சும் தன்மை குறைவாக இருப்பதால், அது சில நேரம் நோயைக் காட்டாமலே விட்டுவிடும்.

இந்தக் கட்டத்தில் பலரும் தவிர்க்கப் பார்க்கும் ஒரு பரிசோதனை இருக்கிறது. கட்டி இரைப்பைச் சுவரின் ஆழத்துக்குப் போயிருந்தாலோ, கணுக்கள் பாதிக்கப்பட்டதாகத் தோன்றினாலோ, கீமோவைத் தொடங்கும் முன் லேப்பராஸ்கோப்பி மூலம், அதாவது சிறு துளை வழியாகக் கேமராவை நுழைத்து, வயிற்றறையை நேரில் பார்த்து, உப்புநீரை உள்ளே விட்டு உறிஞ்சி, அந்த நீரில் புற்றணுக்கள் இருக்கின்றனவா என்று சோதிப்பார்கள். வயிற்றறைச் சவ்வில் அரிசிக் குருணை அளவில் படிந்திருக்கும் நோய் ஸ்கேனில் தெரிவதே இல்லை. "ஸ்கேனில்தான் ஒன்றும் இல்லையே, எதற்கு மயக்க மருந்து கொடுத்து இன்னொரு சோதனை?" என்று கேட்டு இதைத் தள்ளிப்போடுவது சரியல்ல என்பது என் கருத்து. பயனில்லாத ஒரு பெரிய அறுவையைத் தவிர்க்கக்கூடிய சிறிய சோதனை இது.

முதல் ஊசிக்கு முன் பயாப்சியிலிருந்து கேட்டு வாங்க வேண்டியவை

எண்டோஸ்கோப்பியில் எடுத்த திசுத் துண்டு புற்றுநோயா இல்லையா என்று சொல்வதோடு முடிந்துவிடுவதில்லை. அதே துண்டிலிருந்து ஹெர்2, மரபணுப் பிழை திருத்தும் புரதங்களின் நிலை, பி.டி.-எல்1, கிளாடின் 18.2 ஆகிய, எந்த மருந்து பயன் தரக்கூடும் என்று காட்டும் குறியீடுகளைச் சோதிக்க முடியும். கணுக்களோடு நின்ற நோயில் இவற்றுள் உடனடி முக்கியத்துவம் உள்ளது பிழை திருத்தும் புரதங்களைப் பற்றிய சோதனை. இந்தப் புரதங்கள் இல்லாத புற்றுகள் நோயாளிகளில் ஒரு சிறு பகுதியினருக்கே இருக்கும் என்றாலும், அவற்றின் நடத்தை மற்றவற்றிலிருந்து வெகுவாக வேறுபடுகிறது. வழக்கமான கீமோவால் அவற்றில் கிடைக்கும் பயன் குறைவு என்று பழைய ஆய்வுகளின் தரவுகளை மறுபடி அலசியபோது தெரியவந்தது. உடலின் சொந்த எதிர்ப்பாற்றலைப் புற்றின் மீது ஏவிவிடும் நோயெதிர்ப்பு மருந்துகளுக்கோ அவை வியக்கத்தக்க அளவில் கரைகின்றன. பிரான்சில் இவ்வகை நோயாளிகளுக்கு அறுவைக்கு முன் நிவோலுமாப், இபிலிமுமாப் என்ற இரண்டு நோயெதிர்ப்பு மருந்துகளை மட்டும் கொடுத்துப் பார்த்த ஒரு சிறிய ஆய்வில், அறுவை செய்யப்பட்ட 29 பேரில் 17 பேரின் திசுவில் புற்றணு ஒன்றுகூட மிஞ்சியிருக்கவில்லை. ஆகவே இந்தச் சோதனையின் முடிவு வரும் முன்பே கீமோவைத் தொடங்கிவிடுவது, வேறொரு நல்ல வழியைத் தெரியாமலே மூடிவிடுவதாக ஆகலாம். "பிழை திருத்தும் புரதச் சோதனைக்கு அனுப்பியாயிற்றா?" என்று கேளுங்கள்.

கீமோவை அறுவைக்கு முன்னால் வைப்பதன் காரணம்

அண்மைக் கணுக்களில் புற்றணுக்கள் இருக்கின்றன என்றால், நிணநீரின் வழியே பயணம் செய்யும் திறனை அவை பெற்றுவிட்டன என்று பொருள். எந்த ஸ்கேனிலும் தெரியாத சில அணுக்கள் அதற்கும் அப்பால் போயிருக்க வாய்ப்பு உண்டு. கத்தி எட்டும் இடத்தில் உள்ளதை அறுவை எடுத்துவிடும். எட்டாத இடத்தில் உள்ளவற்றைத் தேடிப்போக இரத்தத்தில் கலக்கும் மருந்துதான் வேண்டும். 2006இல் வெளியான மேஜிக் என்ற பிரிட்டிஷ் ஆய்வில், அறுவைக்கு முன் மூன்று சுற்று, பின் மூன்று சுற்று கீமோ பெற்றவர்களில் 36 சதவீதத்தினர் 5 ஆண்டுகள் கடந்து வாழ்ந்தார்கள். அறுவை மட்டும் செய்துகொண்டவர்களில் அது 23 சதவீதம்.

அதன் பின் வந்த ஜெர்மானிய ஆய்வு இந்த முறையை இன்னும் மேம்படுத்தியது. ஃபுளுரோயுராசில், லூகோவோரின், ஆக்ஸாலிபிளாட்டின், டோசிடாக்செல் என்ற நான்கு மருந்துகளின் கூட்டுக்கு ஃப்ளாட் என்று பெயர். 716 பேர் பங்கேற்று 2019இல் முழுமையாக வெளியான அந்த ஆய்வில், பழைய மூன்று மருந்துக் கூட்டைப் பெற்றவர்களின் இடைநிலை ஆயுட்காலம் (பாதிப் பேர் கடந்து வாழ்ந்த காலம்) 35 மாதங்களாகவும், ஃப்ளாட் பெற்றவர்களுக்கு 50 மாதங்களாகவும் இருந்தது. அறுவைக்கு முன் நான்கு சுற்று, பின் நான்கு சுற்று, இரண்டு வாரங்களுக்கு ஒரு முறை என்பது இதன் அமைப்பு. ஒவ்வொரு சுற்றிலும் மற்ற மருந்துகள் ஒரே நாளில் ஏறிவிடும். ஃபுளுரோயுராசில் மட்டும் 24 மணி நேரம் சிறுகச் சிறுக இறங்க வேண்டும். அதற்காக மார்பின் தோலுக்கடியில் போர்ட் என்ற சிறு கருவியைப் பொருத்தி, அதோடு ஒரு பம்பை இணைத்துவிடுவார்கள்.

இந்த ஆய்வில் இருந்த இன்னொரு எண்ணிக்கையை நான் அதைவிட முக்கியமாகக் கருதுகிறேன். ஃப்ளாட் குழுவில் அறுவைக்கு முந்தைய நான்கு சுற்றுகளையும் முடித்தவர்கள் 90 சதவீதம். அறுவைக்குப் பிறகும் தொடர்ந்து எட்டுச் சுற்றுகளையும் முடித்தவர்கள் 46 சதவீதம் மட்டுமே. இரைப்பையின் பெரும்பகுதியையோ முழுவதையுமோ இழந்து, எடை குறைந்து, சாப்பிடக் கற்றுக்கொண்டிருக்கும் உடலால் கடுமையான மருந்தைத் தாங்க முடிவதில்லை. உடலில் தெம்பு இருக்கும்போதே மருந்தின் ஒரு பாதியையாவது முழு அளவில் கொடுத்துவிட வேண்டும் என்பதுதான் கீமோவை முன்னால் வைப்பதன் மிகப் பெரிய நியாயம். கட்டியும் கணுக்களும் சுருங்குவதால் அறுவையில் ஓரங்கள் சுத்தமாக வர வாய்ப்பு கூடுவதும், மருந்துக்கு நோய் எப்படி மசிகிறது என்று தெரிந்துகொள்ள முடிவதும் கூடுதல் ஆதாயங்கள்.

கிழக்கு ஆசியாவில் நெடுங்காலமாக நிலவும் வழி வேறு. அங்கே விரிவான அறுவையை முதலில் செய்துவிட்டு, பிறகு கீமோ கொடுப்பார்கள். ஜப்பானில் எஸ்-1 என்ற மாத்திரையை அறுவைக்குப் பின் ஓராண்டு கொடுத்த ஆய்வில், 5 ஆண்டு ஆயுள் வீதம் 61 சதவீதத்திலிருந்து 72 சதவீதமாக உயர்ந்தது. தென் கொரியா, சீனா, தைவான் ஆகிய இடங்களில் நடந்த கிளாசிக் ஆய்வில் கேப்சிடபைன் மாத்திரையும் ஆக்ஸாலிபிளாட்டின் ஊசியும் ஆறு மாதம் கொடுக்கப்பட்டன. ஆயுள் வீதம் 69இலிருந்து 78 சதவீதமானது. இந்த எண்களை மேஜிக் ஆய்வின் எண்களோடு நேருக்கு நேர் ஒப்பிடக் கூடாது. கிழக்கு ஆசிய ஆய்வுகளில் சேர்க்கப்பட்டவர்கள் அறுவை வெற்றிகரமாக முடிந்தவர்கள்; மேஜிக்கில் சேர்க்கப்பட்டவர்களில் அறுவை அரங்குக்கே போக முடியாமற்போனவர்களும் உண்டு.

கட்டியிலிருந்து இரத்தம் தொடர்ந்து கசிந்தாலோ, இரைப்பையின் வாய் அடைத்து எதுவும் இறங்காமல் போனாலோ, கீமோவுக்காகக் காத்திருக்க இயலாது. அப்போது அறுவை முன்னால் வந்துவிடும், அல்லது அடைப்பைச் சமாளிக்க வேறு வழி செய்த பிறகு கீமோ தொடங்கும். முன்பே குறித்த வரிசை இப்படி மாறுவதைத் தவறு என்று கொள்ள வேண்டியதில்லை.

அறுவையில் கணுக்களை எவ்வளவு தூரம் எடுப்பது

முன்கீமோவின் கடைசிச் சுற்று முடிந்து, பொதுவாக 4 முதல் 6 வாரங்களில் அறுவை நடக்கும். கட்டி இரைப்பையின் கீழ்ப்பகுதியில் இருந்தால் மேற்பகுதியை விட்டுவைக்கலாம். மேலே இருந்தாலோ முழுதும் பரவியிருந்தாலோ இரைப்பை முழுவதும் போகும். கணுக்களைப் பொறுத்தவரை, இரைப்பையை ஒட்டியவற்றை மட்டும் எடுப்பது டி1. அவற்றோடு முக்கியத் தமனிகளை ஒட்டிய கணுக்களையும் சேர்த்து எடுப்பது டி2. கணுக்களில் நோய் இருக்கும்போது டி2தான் உரிய அறுவை என்ற முடிவுக்கு இன்று கிழக்கும் மேற்கும் வந்து சேர்ந்திருக்கின்றன.

அந்த முடிவு எளிதில் வந்துவிடவில்லை. நெதர்லாந்தில் டி1, டி2 இரண்டையும் ஒப்பிட்ட ஆய்வின் தொடக்கத்தில், டி2 செய்துகொண்டவர்களில் 10 சதவீதத்தினர் மருத்துவமனையிலேயே இறந்தார்கள். டி1இல் அது 4 சதவீதம். மண்ணீரலையும் கணையத்தின் வால் பகுதியையும் சேர்த்து வெட்டியதும், அறுவை மருத்துவர்களுக்கு இந்த முறையில் பழக்கம் குறைவாக இருந்ததும் அதற்குக் காரணங்கள். ஆனால் 15 ஆண்டுகள் கழித்துப் பார்த்தபோது, இரைப்பைப் புற்றால் இறந்தவர்கள் டி1 குழுவில் 48 சதவீதமாகவும் டி2 குழுவில் 37 சதவீதமாகவும் இருந்தார்கள். இதிலிருந்து கிடைத்த பாடம்தான் இன்றைய டி2: அந்த உறுப்புகளில் நோய் நேரடியாக ஊடுருவாதவரை மண்ணீரலையும் கணையத்தையும் விட்டுவைத்துக் கணுக்களை மட்டும் எடுப்பது. எனவே, "எங்களுக்கு டி2 செய்யப்படுமா, இந்த அறுவையை இங்கே அடிக்கடி செய்கிறீர்களா?" என்ற கேள்வியைக் கூச்சப்படாமல் கேட்க வேண்டும்.

டி2இல் நன்மை இருந்தால், இன்னும் தாண்டிப் பெருந்தமனியைச் சுற்றிய கணுக்களையும் முன்னெச்சரிக்கையாக எடுத்துவிட்டால் என்ன என்று ஜப்பானிலேயே சோதித்தார்கள். 523 பேரை வைத்து நடந்து 2008இல் வெளியான அந்த ஆய்வில் இரு குழுக்களின் 5 ஆண்டு ஆயுள் வீதமும் ஏறக்குறைய ஒன்றாக, 70 சதவீத அளவில் இருந்தது. அறுவையின் நேரமும் இரத்த இழப்பும் மட்டுமே கூடின.

பேத்தாலஜி (திசுப் பரிசோதனை) அறிக்கையைப் படிக்கும் விதம்

அறுவைக்குப் பின் வரும் அறிக்கையில் முதலில் தேட வேண்டியது, "பரிசோதிக்கப்பட்ட கணுக்கள் 28, பாதிக்கப்பட்டவை 5" என்பதைப் போன்ற வரியை. ஆய்வகத்தில் ஒருவர் அறுவையில் வந்த கொழுப்புத் திசுவை விரல்நுனியால் தடவித் தடவி, பயறு அளவுள்ள கணுக்களை ஒவ்வொன்றாகப் பொறுக்கியெடுத்து, மெல்லிய சீவல்களாக்கி நுண்ணோக்கியில் பார்த்து எழுதுவது அந்த வரி. குறைந்தது 16 கணுக்களைப் பார்த்தால்தான் நிலையைச் சரியாக வகுக்க முடியும். 7 கணுக்களைப் பார்த்து 2 பாதிக்கப்பட்டவை என்று எழுதியிருந்தால், அந்த 2 என்ற எண்ணை அப்படியே நம்ப முடியாது. பார்க்காமல் விட்டவற்றில் எத்தனை பாதிக்கப்பட்டிருக்குமோ. முன்கீமோ பெற்றவர்களுக்குக் கணுக்கள் சுருங்கிவிடுவதால் எண்ணிக்கை சற்றுக் குறைவது உண்டு.

அடுத்து, வெட்டிய ஓரங்களில் புற்றணு இருக்கிறதா என்பது. மூன்றாவது, கீமோவால் கட்டி எந்த அளவுக்கு அழிந்திருக்கிறது என்பது. கணுக்களில் புற்றணு ஏதும் மிஞ்சவில்லை என்று அறிக்கை சொன்னால், அது பெரிய நற்செய்தி. அப்படி வந்தவர்கள், "எல்லாம்தான் போய்விட்டதே, மீதி நான்கு சுற்று எதற்கு?" என்று கேட்பார்கள். ஆய்வுகளில் பயன் கண்டது முழுத் திட்டமும் சேர்ந்துதான் என்பதால், உடல் தாங்குமானால் முடிப்பதே வழக்கம். தாங்காதபோது அளவைக் குறைப்பதும், ஒரு மருந்தைக் கழற்றிவிடுவதும், அரிதாக முற்றிலும் நிறுத்துவதும் மருத்துவர் எடுக்கும் நியாயமான முடிவுகளே.

கதிர்வீச்சை எப்போது சேர்ப்பது

இரைப்பைப் புற்றில் கதிர்வீச்சு ஒரு காலத்தில் அமெரிக்காவில் பரவலாகக் கொடுக்கப்பட்டது. 2001இல் வெளியான அமெரிக்க ஆய்வில், அறுவைக்குப் பின் கீமோவோடு 45 கிரே (கதிர்வீச்சை அளக்கும் அலகு) கதிர்வீச்சைச் சேர்த்தவர்களின் இடைநிலை ஆயுட்காலம் 27 மாதங்களிலிருந்து 36 மாதங்களாக நீண்டது. ஆனால் அந்த ஆய்வில் சேர்ந்தவர்களில் பாதிக்கும் மேற்பட்டோருக்குக் கணுக்கள் டி1 அளவுக்குக்கூட எடுக்கப்பட்டிருக்கவில்லை. அரைகுறையாக விட்ட கணுக்களைக் கதிர்வீச்சு ஈடுகட்டியது என்று கொள்வதே பொருத்தம்.

நன்றாக டி2 செய்த பிறகும் கதிர்வீச்சு உதவுமா என்று தென் கொரியாவில் இரண்டு முறை சோதித்தார்கள். முதல் ஆய்வில் ஒட்டுமொத்தமாகப் பயன் தெரியவில்லை. கணுக்களில் நோய் இருந்தவர்களுக்கு மட்டும் ஏதோ நன்மை இருப்பதுபோல் தோன்றியது. அதனால் கணுக்களில் நோய் உள்ளவர்களை மட்டுமே சேர்த்து இரண்டாவது ஆய்வை நடத்தினார்கள். 2021இல் வந்த முடிவில் அந்த நன்மையும் மறைந்துவிட்டது: இரண்டு மருந்துக் கீமோவோடு கதிர்வீச்சைச் சேர்த்தவர்களும் சேர்க்காதவர்களும் ஒரே நிலையில் இருந்தார்கள்.

அறுவைக்கு முன் கொடுத்தால் வேறு விளைவு கிடைக்குமா என்ற கேள்விக்கு, டாப்கியர் ஆய்வு 2024இல் விடை தந்தது. முன்கீமோவோடு கதிர்வீச்சையும் பெற்றவர்களில் புற்றணு முற்றிலும் மறைந்தவர்கள் 17 சதவீதம்; கீமோ மட்டும் பெற்றவர்களில் 8 சதவீதம். இரு மடங்கு! ஆயினும் இடைநிலை ஆயுட்காலம் முறையே 46 மாதங்கள், 49 மாதங்கள். கட்டி கூடுதலாகக் கரைந்தும் ஆயுள் நீளவில்லை. தனக்குக் கதிர்வீச்சு கொடுக்காமல் விட்டுவிட்டார்களே என்று வருந்துபவர்களுக்கு நான் சுட்டிக்காட்ட விரும்புவது இந்த ஆய்வைத்தான்.

கதிர்வீச்சுக்கு இன்றும் இடம் உள்ள சூழல்கள் உண்டு: வெட்டிய ஓரத்தில் புற்றணு மிஞ்சியிருந்து மறுபடி அறுவை செய்ய முடியாதபோது, கணுக்கள் டி2 அளவுக்கு எடுக்கப்படாதபோது, அறுவையே செய்ய இயலாத நிலையில் கட்டியின் இரத்தக் கசிவை நிறுத்த வேண்டியபோது. உணவுக்குழாயும் இரைப்பையும் சேரும் இடத்தில் உள்ள கட்டிகளுக்கு முன்பு கீமோவும் கதிர்வீச்சும் சேர்ந்தே பரிந்துரைக்கப்பட்டன. அங்கும் இப்போது ஃப்ளாட் முன்னுக்கு வந்துவிட்டது.

நோயெதிர்ப்பு மருந்து இத்திட்டத்தில் சேரும் இடம்

2025இல் வெளியான மேட்டர்ஹார்ன் ஆய்வு, ஃப்ளாட்டோடு டுர்வாலுமாப் என்ற நோயெதிர்ப்பு மருந்தைச் சேர்த்துப் பார்த்தது. 948 பேர் சேர்ந்த அந்த ஆய்வில், இரண்டு ஆண்டுகள் முடியும்போது நோய் முற்றாமலும் திரும்பாமலும் உயிரோடு இருந்தவர்கள் மருந்து சேர்த்த குழுவில் 67 சதவீதம், சேர்க்காத குழுவில் 59 சதவீதம். அறுவைக்கு முன்னும் பின்னும் கீமோவோடு சேர்த்து நான்கு வாரங்களுக்கு ஒரு முறை கொடுத்து, கீமோ முடிந்த பிறகும் பல மாதங்கள் தனியாகத் தொடர்வது இதன் முறை. பெம்ப்ரோலிசுமாப் என்ற இன்னொரு மருந்தைக் கொண்டு நடந்த பெரிய ஆய்வு, கட்டி முற்றிலும் மறைந்தவர்களின் எண்ணிக்கையைக் கூட்டியபோதும், நோய் திரும்பாத காலத்தை உறுதியாக நீட்டிக் காட்டவில்லை. ஆகவே "ஏதாவது ஒரு இம்யூனோதெரபி" என்று கேட்பதில் பொருளில்லை. எந்த மருந்து, எந்த ஆய்வின் அடிப்படையில் என்று கேட்க வேண்டும். இவ்வகை மருந்துகள் தைராய்டு, குடல், நுரையீரல், கல்லீரல் ஆகியவற்றை உடலின் சொந்த எதிர்ப்பாற்றலே தாக்கும் நிலையை உண்டாக்கலாம் என்பதால், புதிதாக வரும் பேதி, மூச்சிரைப்பு, மிகுந்த சோர்வு ஆகியவற்றைக் கீமோவின் பக்கவிளைவு என்று தானாக முடிவு செய்துகொண்டு இருந்துவிடக் கூடாது.

ஹெர்2 மிகுந்த புற்றுக்கு டிராஸ்டுசுமாப்பும், கிளாடின் 18.2 மிகுந்த புற்றுக்கு ஜோல்பெட்டுக்சிமாப்பும் தொலைப்பரவல் நிலையில் பயன்படுத்தப்படுகின்றன. கணுக்களோடு நின்ற நோயில் அவை இன்னும் வழக்கமான சிகிச்சையாகவில்லை.

திட்டத்தை முடிக்கும் அளவுக்கு உடலை வைத்துக்கொள்வது

மேலே சொன்ன எல்லா இணைப்பும் உடல் தாங்கினால்தான் நடக்கும். இந்த நோயில் எடை இழப்பு நோய் தெரியும் முன்பே தொடங்கியிருக்கும். முதல் சுற்றுக்கு முன்பே உணவியல் நிபுணரைப் பார்ப்பது, வாரந்தோறும் ஒரே எடைமேடையில் எடை பார்த்துக் குறித்துவைப்பது, வாயால் போதிய அளவு இறங்காவிட்டால் சிறுகுடலில் குழாய் வைத்து ஊட்டுவதைப் பற்றித் தயங்காமல் பேசுவது ஆகியவை மருந்துக்கு இணையான முக்கியத்துவம் உள்ளவை. புகைப்பதை நிறுத்துவதும், கீமோ நடக்கும் மாதங்களில் நாள்தோறும் இயன்ற அளவு நடப்பதும் அறுவைக்குப் பின் நுரையீரல் சிக்கல்களைக் குறைக்கும்.

ஃபுளுரோயுராசில், கேப்சிடபைன், எஸ்-1 மூன்றும் உடலில் டி.பி.டி. என்ற நொதியால் சிதைக்கப்படுகின்றன. பிறப்பிலேயே அந்த நொதி குறைவாக உள்ளவர்களுக்கு வழக்கமான அளவே உயிருக்கு ஆபத்தாகிவிடும். ஐரோப்பிய மருந்து முகமை 2020 முதல், ஃபுளுரோயுராசில், கேப்சிடபைன் போன்றவற்றைத் தொடங்கும் முன் இதற்கான சோதனையைப் பரிந்துரைக்கிறது. கேட்டுச் செய்துகொள்ளலாம்.

ஆக்ஸாலிபிளாட்டின் ஏறிய அடுத்த சில நாட்களில் குளிர்ந்த பாத்திரத்தைத் தொட்டாலே விரல்களில் ஊசி குத்துவது போலிருக்கும். குளிர்ந்த நீர் தொண்டையை இறுக்குவதுபோல் தோன்றும். அது தானாகப் போய்விடும். கவனிக்க வேண்டியது, சுற்றுகள் ஏற ஏறச் சேர்ந்துகொண்டே போகும் மரமரப்பை. சட்டைப் பொத்தானைப் போட முடியவில்லை, பேனா விரலில் நிற்கவில்லை என்ற அளவுக்கு வந்துவிட்டால், அடுத்த சுற்றுக்கு முன் மருத்துவரிடம் அதை அப்படியே சொல்ல வேண்டும். மருந்தை நிறுத்திவிடுவார்களோ என்று பயந்து மறைப்பவர்கள், சிகிச்சை முடிந்த பிறகும் ஆண்டுக்கணக்கில் அதோடு வாழ நேரிடும். காய்ச்சல் 38 டிகிரி செல்சியஸைத் தொட்டால் காலை வரை காத்திருக்காமல் அந்த இரவே மருத்துவமனைக்குப் போக வேண்டும். வெள்ளணுக்கள் குறைந்திருக்கும்போது தொற்று சில மணி நேரங்களில் முற்றிவிடும். ஏற்கெனவே வார்ஃபரின் போன்ற இரத்தம் உறைவதைத் தடுக்கும் மருந்தை எடுப்பவர்கள், கேப்சிடபைன் அதன் வீரியத்தை மிகவும் கூட்டிவிடும் என்பதால் முன்கூட்டியே தெரிவிக்க வேண்டும். மூலிகை மருந்துகளையும் சத்து மாத்திரைகளையும் அப்படித்தான்: எடுப்பதாக இருந்தால் பெயரோடு சொல்லிவிடுவது நல்லது.

தொலைவுக் கணுக்களில் நோய் இருந்தால்

அப்போது மருந்துச் சிகிச்சைதான் முதன்மை. குறியீடுகளுக்கு ஏற்ப நிவோலுமாப், பெம்ப்ரோலிசுமாப், டிராஸ்டுசுமாப், ஜோல்பெட்டுக்சிமாப் போன்றவற்றைக் கீமோவோடு சேர்ப்பார்கள். வேறெங்கும் பரவாமல் பெருந்தமனியை ஒட்டிய சில கணுக்களில் மட்டும் நோய் உள்ளவர்கள் ஒரு தனிப் பிரிவு. ஜப்பானில் இத்தகையவர்களுக்கு முதலில் கீமோ கொடுத்து, நோய் மசிந்த பிறகு அந்தக் கணுக்களையும் சேர்த்து அறுவை செய்த ஆய்வில், பாதிக்கு மேற்பட்டவர்கள் மூன்று ஆண்டுகளைக் கடந்தார்கள். ஜெர்மனியில், குறைந்த அளவில் தொலைப்பரவல் உள்ள எல்லா வகையினரையும் சேர்த்து அறுவையின் பயனைச் சோதித்தபோது, ஒட்டுமொத்தமாகப் பயன் இல்லை. கணுக்களில் மட்டும் பரவியிருந்தவர்களிடம் நன்மைக்கான அறிகுறி தெரிந்தது. இது எல்லோருக்குமான வழியாக ஆகிவிடவில்லை. கீமோவுக்குப் பின் எடுத்த ஸ்கேனை வைத்து, அறுவை மருத்துவரும் புற்றுநோய் மருத்துவரும் கதிரியக்க மருத்துவரும் ஒன்றாக அமர்ந்து ஒவ்வொருவருக்கும் தனித்தனியாக முடிவு செய்ய வேண்டிய விஷயம். அப்படிப்பட்ட கூட்டு ஆலோசனை நடந்ததா என்று கேட்பதற்கு நோயாளிக்கு முழு உரிமை உண்டு.

சிகிச்சை முடிந்த பிறகு

நோய் திரும்புவதாக இருந்தால் பெரும்பாலும் முதல் இரண்டு மூன்று ஆண்டுகளுக்குள் திரும்புவதால், அந்தக் காலத்தில் பரிசோதனைகள் நெருக்கமாகவும் பிறகு இடைவெளி விட்டும் இருக்கும். இரைப்பையின் ஒரு பகுதி மிஞ்சியிருந்தால் எண்டோஸ்கோப்பியும், ஹெலிகோபேக்டர் பைலோரி கிருமி இருக்கிறதா என்ற சோதனையும், இருந்தால் அதை ஒழிக்கும் மருந்தும் வேண்டும். இரைப்பை முழுவதும் எடுக்கப்பட்டவர்களுக்கு வைட்டமின் பி12ஐக் குடல் உறிஞ்சத் துணைசெய்யும் சுரப்பு இனிக் கிடைக்காது. கல்லீரலில் உள்ள சேமிப்பு சில ஆண்டுகள் தாங்குவதால் குறை உடனே தெரியாது. கால் மரத்துப்போய், நினைவு தடுமாறத் தொடங்கும்போதுதான் வெளிப்படும். அதனால் பி12ஐ ஊசியாகவோ மருத்துவர் சொல்லும் உயர் அளவு மாத்திரையாகவோ ஆயுள் முழுவதும் எடுக்க வேண்டும். இரும்புச்சத்தையும் எலும்பின் அடர்த்தியையும் குறித்த கால இடைவெளியில் பார்த்துக்கொள்ள வேண்டும். உண்ட அரை மணிக்குள் படபடப்பும் வியர்வையும் தலைசுற்றலும் வந்தால், உணவு குடலுக்குள் மிக வேகமாக இறங்குகிறது என்று பொருள். சிறு அளவில் பலமுறை உண்பதும், இனிப்பைக் குறைப்பதும், உணவோடு நீர் அருந்தாமல் தள்ளி அருந்துவதும் பெரும்பாலும் இதைக் கட்டுக்குள் கொண்டுவந்துவிடும்.